சுவரில்லா வீட்டின் சாவி

கொக்கலாம்பட்டியில் சடையாண்டி, மலைக்கொழுந்து, பூவலிங்கம் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து அறிவு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மனசு தங்கம்.

கடைக்குட்டி பூவலிங்கத்துக்குப் பெண் பார்த்தாயிற்று. பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பா உமையொருபாகம் கறாராகச் சொல்லிவிட்டார்: "சொந்தமா வீடு கட்டுங்க. ஐப்பசி பொறந்ததும் வந்து பாப்பேன். வீடு எனக்குப் பிடிச்சாத்தான் கல்யாணம்."

மேஸ்திரி செவத்தியான் அஸ்திவாரம் போட்டார். நல்ல நாளில் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி நிறுத்தினார். இவர்கள் ஆசைப்பட்டார்களே என்று கதவையும் மாட்டினார். சுவர் எழுப்புவதற்குள் மகளுக்குப் பிரசவம் என்று ஆள் வந்துவிட்டது.

"இனிமே இதுதான் வாசல். போறது வர்றது எல்லாம் இது வழியாத்தான். செங்கல், ஓடு எல்லாத்தையும் உள்ள அடுக்கிடுங்க. கதவு தேக்கு, பூட்டாம விட்டுடாதீங்க. சாவி பத்திரம்!" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

சொன்னபடியே செய்தார்கள். சாவியை எங்கே வைப்பது என்றுதான் யோசனை. பூட்டிய வீட்டைவிடப் பத்திரமான இடம் ஏது? செங்கல் அடுக்கின் மேல் சாவியை வைத்துவிட்டு வெளியே வந்து, பூட்டை அமுக்கிப் பூட்டினார்கள்.

மறுநாள் வாசலில் நின்று விழித்தார்கள்.

"அண்ணே, சாவி இங்கருந்தே தெரியுது" என்றான் மலைக்கொழுந்து.

"தெரிஞ்சு என்னடா, வீடு பூட்டியிருக்கே" என்றான் சடையாண்டி.

அப்போது ஓர் ஆடு பக்கவாட்டில் நடந்து உள்ளே போய், நிலையில் சுற்றியிருந்த பூவைத் தின்றுவிட்டு வந்தது.

"ஆடு போகுதே அண்ணே?"

"ஆட்டுக்கு மேஸ்திரி ஒண்ணும் சொல்லலையேடா."

நியாயமான பேச்சு. மேஸ்திரி வரட்டும் என்று மூவரும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். மேஸ்திரி வரவில்லை, ஐப்பசி வந்தது. குடையும் கையுமாக உமையொருபாகமும் வந்தார்.

"ஏன் வெளிய நிக்கறீங்க?"

"சாவி உள்ள மாட்டிக்கிச்சு மாமா" என்றான் பூவலிங்கம். கல்யாணம் போச்சே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

உமையொருபாகம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மடப்பசங்களா! இந்த மாதிரி சமயத்துக்குத்தானேடா வீட்டுக்குச் சன்னல்னு ஒண்ணு வைக்கிறது!"

இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று மூவரும் வெட்கப்பட்டார்கள். சுவரில் பதிக்கவென்று மேஸ்திரி வேப்பமரத்தில் சாத்திவைத்திருந்த சன்னலைத் தூக்கிவந்து செங்கல் அடுக்குக்கு நேராகப் பிடித்தார்கள். உமையொருபாகம் கம்பிகளுக்கு நடுவே குடையை நுழைத்து, அதன் வளைந்த பிடியால் சாவியை லாவகமாக இழுத்து எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவசரமாகப் பூட்டைத் திறந்து நாலு பேரும் உள்ளே ஓடினார்கள். சாரல் அடிக்கக் கூடாதென்று சடையாண்டி கதவைச் சாத்தித் தாழ்போட்டான். வீட்டுக்குள் வந்துவிட்டோமே என்று உமையொருபாகம் குடையை மடக்கினார்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பூவலிங்கம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் மீசையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி வானத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வீடு எனக்குப் பிடிச்சிருக்கு மாப்ளே. கூரைதான் கொஞ்சம் ஒழுகுது. தாலி கட்டறதுக்குள்ள ரெண்டு மூணு ஓடு மாத்திப் போட்டுடுங்க."