எழுதவா என்று கேட்டது

“டீச்சர், இது படிக்க மாட்டேங்குது.”

வண்டிமலையான் தன் பழைய லேப்டாப்பை மேசைமேல் வைத்தார்.

செய்யதலி பாத்திமா நிமிர்ந்து பார்த்தார். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஓர் அரிசிக் கடையின் மாடியில், லேப்டாப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பவர் அவர். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். வண்டிமலையானோ அவரைவிட இருபது வயது மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டினவர். இடுப்பு தேய்ந்துபோய், இனி ஸ்டியரிங் பக்கம் போகாதீர் என்று டாக்டர் சொன்ன பிறகு ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க வந்தவர். தன்னைவிடச் சின்னவரை டீச்சர் என்று கூப்பிட முதல் வாரம் அவருக்கு நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

“எதைப் படிக்க மாட்டேங்குது அண்ணாச்சி?”

“இதை.”

காகித உறையிலிருந்து ஒரு டிவிடியை உருவிக் காட்டினார்.

“என்ன இது?”

“என் தலையெழுத்து.”

பாத்திமா சிரிக்கவில்லை. கையில் இருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு, “உட்காருங்க. சொல்லுங்க” என்றார்.

வண்டிமலையானின் ஊர் கல்லாங்குளம். ஊருக்கு மேற்கே கல் உடைக்கும் ஆலை வந்ததிலிருந்து, லோடு லாரிகள் பள்ளிக்கூடத்துச் சுவரை உரசுகிற மாதிரிதான் போய்வந்தன. ஒருநாள் இரண்டாம் வகுப்புச் சுவர் விரிந்து, காரை பிள்ளைகள் தலையில் விழுந்தது. மறுநாள் ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. வண்டிமலையானும் உட்கார்ந்தார். அந்தக் கூச்சலில் எங்கிருந்தோ ஒரு கல் பறந்துவந்து, முன்னால் நின்ற லாரியின் கண்ணாடியை உடைத்தது. டிரைவருக்கு நெற்றியில் ரத்தம்.

ரோட்டை மறித்ததாகப் பலர்மேல் வழக்கு. கல்லெறிந்ததாக ஒருவர்மேல்தான் வழக்கு. அது வண்டிமலையான்.

“எல்லாம் வீடியோவுல இருக்குங்காங்க டீச்சர். அதோட நகல்தான் இது. வியாழக்கிழமை வாய்தா. வக்கீல் என்ன சொல்லுதாருன்னா, வீடியோவுல இருந்தா ஒத்துக்கிடும், சின்ன தண்டனையோட போயிரும், இல்லைன்னா வருஷக்கணக்கா இழுக்கும்ங்காரு.”

“நீங்க எறிஞ்சீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

வண்டிமலையான் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“கல்லை எடுத்தேன் டீச்சர். உட்காருத இடத்துல குத்துச்சு. எடுத்து ஓரமாப் போட்டேன். அதை எவன் எந்தப் பக்கமிருந்து படம் பிடிச்சானோ. பார்த்தாத்தானே தெரியும்? பார்க்கத்தான் விடமாட்டேங்குதே இந்தச் சனியன்!”

“டிஸ்க்கைப் போட்டா என்ன செய்யுது?”

“சுத்துது. நிக்குது. மறுபடி சுத்துது. அப்புறம் கிறுக்குப் பிடிச்ச மாதிரி எழுதவான்னு கேக்குது. நான் படின்னா, அது எழுதவாங்குது.”

“சரி. கோளாறு எங்க?”

“டிஸ்க் படிக்குத டிரைவ்லதான். வேற எங்க?”

“அப்ப கழட்டிப் பாருங்க” என்றார் பாத்திமா.

வண்டிமலையான் கழற்றினார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, குண்டுமணி அளவுள்ள லென்ஸை, பிள்ளைக்குக் கண் துடைப்பதுபோலத் துடைத்தார். காயவிட்டார். மாட்டினார். டிஸ்க்கைப் போட்டார்.

சுற்றியது. நின்றது. எழுதவா என்று கேட்டது.

“டீச்சர், மறுபடியும் அதேதான்.”

“ம்” என்றார் பாத்திமா.

மறுநாள் காலையில் வண்டிமலையான், நகல் கொடுத்த போலீஸ் அலுவலகத்துக்கே போனார். டிஸ்க் ஓடவில்லை என்றார்.

“உம்ம மெஷின் சரியில்ல” என்றார் அங்கிருந்தவர், தலை நிமிராமல்.

“அப்ப இங்க போட்டுக் காட்டுங்க.”

“இதெல்லாம் புது கம்ப்யூட்டர். டிஸ்க் போட இடமே கிடையாது.”

“அப்போ இதுல பதிஞ்சது யாரு?”

“வெளிய குடுத்துப் பதிஞ்சது. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டீரா இல்லையா? போம். எல்லாருக்கும் ஓடுது, உமக்கு மட்டும் ஓடலையாக்கும்.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். “செஞ்சதைப் பார்க்க உமக்கே பயமாயிருக்கோ என்னவோ.”

வண்டிமலையானுக்குக் காது மடல் சுட்டது. நேரே மாடிக்கு வந்தார்.

அன்று அவர் கையில் வேகம் கூடியிருந்தது. டிரைவை இயக்கும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். எழுதவா என்று கேட்டது. பாத்திமாவின் அலமாரியிலிருந்து வேறொரு டிரைவை எடுத்துப் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினார். எழுதவா என்று கேட்டது. டிஸ்க்கை வேட்டி நுனியால் துடைத்தார். சட்டையில் துடைத்தார். கும்பிட்டுவிட்டுக்கூடப் போட்டார். எழுதவா என்றுதான் கேட்டது.

மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மற்ற மாணவர்கள் கீழே டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“ஒருவேளை எறிஞ்சிருப்பேனோ?”

பாத்திமா கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார்.

“அத்தனை பேரு சொல்லுதாங்க. வீடியோ இருக்குங்காங்க. கல்லைக் கையில எடுத்தது நெசம். அதைக் கீழதான் போட்டேன்னு எனக்கு ஞாபகம். ஆனா கோவத்துல இருந்தோமே டீச்சர். நம்ம ஞாபகம் பெருசா, வீடியோ பெருசா?”

பாத்திமா இழுப்பறையைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

“இதைப் போடுங்க.”

போட்டார். சுற்றியது. திரையில் மருதாணி வைத்த ஒரு கை வந்தது. பின்னாலேயே ஒரு மணப்பெண், கேமராவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“என் தங்கச்சி” என்றார் பாத்திமா. “இப்ப உங்க பழைய டிரைவை மாட்டி, அதுலயும் போடுங்க.”

கழற்றி மாட்டினார். அதே மருதாணிக் கை வந்தது. அதே சுளிப்பு.

“இதும் படிக்குது. அதும் படிக்குது. இன்னும் யாரைச் சந்தேகப்படுதீங்க அண்ணாச்சி?”

வண்டிமலையான் இரண்டு டிரைவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னைத்தான்.”

பாத்திமா மறுபடி சூட்டுக்கோலை எடுத்தார். அதைக் கண்டதும் வண்டிமலையானுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“கழுத்துல கயிறு கிடக்கு எனக்கு. நீங்க பாடம் நடத்திக்கிட்டிருக்கீங்க! உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. சும்மா கேள்வியாக் கேட்டா?”

“இன்னும் ஒரு கேள்விதான். மெஷின் உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?”

“எத்தனை தடவை சொல்ல? எழுதவான்னுதான்!”

“தங்கச்சி கல்யாணத்தைப் போட்டப்ப அப்படிக் கேட்டுச்சா?”

“இல்ல.”

“ஏன் கேக்கல?”

“அதுலதான் ஏற்கெனவே…”

வண்டிமலையான் நிறுத்தினார்.

லோடு ஏறி நிற்கிற லாரியிடம் வந்து யாரும் லோடு ஏற்றவா என்று கேட்பதில்லை. அவர் வாழ்நாளில் ஒருவனும் கேட்டதில்லை.

விரலை விட்டுக் கல்யாண டிஸ்க்கை எடுத்தார். தன்னுடைய டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரருகே போனார். உச்சி வெயில். முதலில் கல்யாண டிஸ்க்கைச் சாய்த்துப் பிடித்தார். நடுவிலிருந்து பாதிவரை ஒரு நிறமாகவும், அதற்கு வெளியே இன்னொரு நிறமாகவும் இருந்தது. குளத்தில் தண்ணீர் நின்ற அளவு படிக்கட்டில் தெரியுமே, அப்படி ஒரு கோடு. அதுவரை எழுதியிருக்கிறது. அதற்குமேல் இல்லை.

அப்புறம் தன்னுடைய டிஸ்க்கைப் பிடித்தார்.

உள்வட்டத்திலிருந்து விளிம்புவரை ஒரே நிறம். கோடு கிடையாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம்தான் தெரிந்தது, நரைத்த மீசையோடு.

உள்ளே திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“காலி வண்டி டீச்சர். காலி வண்டிக்கு என்னை வாடகை கட்டச் சொல்லியிருக்கானுவ. நானும் ரெண்டு நாளா அதுக்கு ரோட்டைச் செப்பனிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.”

பாத்திமா சூட்டுக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கோர்ட் வராந்தாவில் வக்கீல் அவரைத் தனியே கூப்பிட்டார்.

“கடைசியாக் கேக்கேன். ஒத்துக்கிடுதீரா?”

“உட்கார்ந்ததை ஒத்துக்கிடுதேன். எறிஞ்சதை ஒத்துக்கிட மாட்டேன். சங்கை அறுத்தாலும் மாட்டேன்.”

வக்கீல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “சரி, அப்ப சண்டைதான்” என்று கோட்டை மாட்டிக்கொண்டார்.

பெயர் கூப்பிட்டார்கள். வண்டிமலையான் கூண்டில் ஏறினார்.

“வீடியோ நகல் கிடைத்ததா?” என்று கேட்டார் நீதிபதி.

“கிடைச்சுது ஐயா. அதுல ஒண்ணும் இல்ல.”

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். வண்டிமலையானுடைய கருவியில் கோளாறு இருக்கலாம் என்றார்.

“ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது?” என்றார் நீதிபதி.

“யாரும் சொல்லல ஐயா. நான் பார்த்தேன். லென்ஸைத் துடைச்சுப் பார்த்தேன். டிரைவை மாத்திப் பார்த்தேன். ரெண்டு டிரைவும் வேற டிஸ்க்கைப் படிக்குது, இதைப் படிக்கல. வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன், எழுதின தடமே இல்ல. இந்தா ரெண்டு டிஸ்க் கொண்டாந்திருக்கேன். ஒண்ணு எழுதினது, ஒண்ணு இவங்க குடுத்தது. அந்த ஜன்னல்ல வெயில் இருக்கு. ஐயாவும் பார்க்கலாம்.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. இரண்டையும் வாங்கி, நாற்காலியைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துப் பார்த்தார்.

“மூலப் பதிவைக் கொண்டுவாருங்கள்” என்றார், அரசுத் தரப்பைப் பார்த்து.

அவர்கள் அவகாசம் கேட்டார்கள்.

நீதிபதி வண்டிமலையானிடம் திரும்பினார். “சாலையில் உட்கார்ந்தீரா?”

“உட்கார்ந்தேன் ஐயா. அதுக்கு வீடியோவே வேண்டாம். பிள்ளைங்க தலையில காரை விழுந்துச்சு, உட்கார்ந்தேன். அந்த வழியா லாரி மறுபடி வந்தா மறுபடியும் உட்காருவேன்.”

வக்கீல் கீழேயிருந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். வண்டிமலையான் நிறுத்தவில்லை.

“ஆனா கல்லு எறியல. எறியவும் மாட்டேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலதான் ஐயா நான் ஆயுசு பூரா உட்கார்ந்திருந்தேன்.”

மூலப் பதிவு அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாய்தாவுக்கும் வரவில்லை. கடைசிவரை வரவேயில்லை. கல்லெறிந்த குற்றத்திலிருந்து அவரை விடுவித்தார்கள். சாலையை மறித்ததற்கு மட்டும், அன்று கோர்ட் கலையும்வரை உள்ளேயே இருக்கவேண்டும் என்று தண்டனை. வண்டிமலையான் பின்பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் வழக்கையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் மாடிக்கு வந்தார்.

பாத்திமா கூட்டிக்கொண்டிருந்தார். வண்டிமலையான் கல்யாண டிஸ்க்கை மேசைமேல் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். நீதிபதி கேட்டது, தான் சொன்னது, வக்கீல் வேட்டியை இழுத்தது, ஒன்று விடாமல் சொன்னார். பாத்திமா வேட்டி இழுத்த இடத்தில் மட்டும் சிரித்தார்.

பாத்திமா டிஸ்க்கை எடுத்து இழுப்பறையில் போட்டார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். அந்த டிஸ்க் காலின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க உறையிலிருந்து உருவினீங்கள்ல, அப்பவே தெரியும்.”

வண்டிமலையானின் முகம் சிவந்தது.

“அப்பவே தெரியுமா? நான் சோறு இறங்காமக் கிடந்தேன். எறிஞ்சிருப்பேனோன்னு என்னையவே நான் சந்தேகப்பட்டேன். அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

பாத்திமா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி. அப்ப, யார் சொன்னதுன்னு நீதிபதி கேட்டாரே, அதுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீங்க?”