கருவாட்டு மந்திரி

ரொம்பக் காலத்துக்கு முன்னே நெல்லாற்றுச் சீமையை மாகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் மழை, நினைத்தால் வெயில். அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தலையில் அம்மிக்கல்லைச் சுமந்துகொண்டு முற்றத்து வெயிலில் நிற்க வேண்டியதுதான். "இந்த அடக்கம் வேறு எந்த ராஜாவின் சபையில் உண்டு?" என்று அவனுக்குப் பெருமை பிடிபடாது.

போதாக்குறைக்கு அவனே பாட்டுக் கட்டி அவனே பாடுவான். ஒருநாள் அப்படிப் பாடுகையில், கறுப்பும் செவலையுமாகப் புதிதாக வந்திருந்த இரண்டு வேட்டைநாய்க் குட்டிகளில் செவலைக் குட்டி கூடச் சேர்ந்து ஊளையிட்டுவிட்டது.

ராஜா முகம் சிவந்து வேட்டைத் தலைவன் கடுங்கோடனைப் பார்த்தான். "இதற்கு என்னடா வழி?"

"அடியாத மாடு படியாது, மகாராஜா. கழுத்தைப் பிடித்துத் தரையோடு அமுக்கி, எஜமான் யாரென்று காட்ட வேண்டும். அந்தக் கறுப்பன் படிந்துவிடுவான். இந்தச் செவலைக்குத் திமிர். சாக்கில் கட்டி ஆற்றில் போட்டுவிடலாம்."

செவலை அப்போது மந்திரி ஆலாலசுந்தரத்தின் காலடியில் படுத்து அவர் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தது. அவர் நாய் வளர்த்தவரே அல்ல. இருந்தாலும் அதை ஆற்றில் போட மனசு வரவில்லை. கேட்காமல் பேச முடியாதே, மெல்லச் செருமினார்.

"என்ன மந்திரியாரே?"

"மாடு வேறு, நாய் வேறு, மகாராஜா. மூன்று மாதம் என்னிடம் விடுங்கள். ஓர் அடி அடிக்காமல் பழக்கிக் காட்டுகிறேன்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் வெல்லம். "சரி! கறுப்பனைக் கடுங்கோடன் பழக்கட்டும், போட்டி வைப்போம். நீர் தோற்றால் குட்டி ஆற்றுக்கு; உம் முத்திரை மோதிரம் கடுங்கோடனுக்கு!" என்றான். அந்த மோதிரத்தின் மேல் பல வருஷமாகக் கண் வைத்திருந்த கடுங்கோடனுக்கு வாயெல்லாம் பல்.

மந்திரி இடுப்பு மடிப்பில் கருவாட்டுத் துண்டுகளை முடிந்துகொண்டார். கூப்பிட்டு வந்தால், வந்த அந்தக் கணமே "சபாஷ்டா ராசா!" என்று ஒரு துண்டு. மேலே பாய்ந்தால் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான் வித்தை. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஊர் அவருக்குக் கருவாட்டு மந்திரி என்று பேர் வைத்தது.

ஒருநாள் வேட்டைக் கொட்டடிப் பக்கம் போனார். கடுங்கோடன் விரலை அசைத்ததும் கறுப்பன் கல்லாய் உட்கார்ந்தான். இங்கே செவலையோ இன்னும் தட்டான்பூச்சியைக் கண்டால் பின்னால் ஓடுகிறது! மோதிரம் போனால் போகட்டும், சாக்கை நினைத்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அங்கே ஒன்றைக் கவனித்தார். கறுப்பன் ஒருமுறைகூடக் கடுங்கோடன் முகத்தைப் பார்க்கவில்லை. சாட்டையைத்தான் பார்த்தான். மந்திரி நேரே பாம்புப் பிடாரனிடம் போய், ஒரு சாரைப்பாம்பைக் கூடையோடு இரவல் வாங்கிவந்தார். பாம்பு வாடை அடித்தால் குரைத்துத் துணியைப் பிடித்து இழுக்கச் செவலைக்குக் கற்றுக்கொடுத்தார்.

போட்டி நாள். உட்கார், நில், வா எல்லாவற்றிலும் கறுப்பன் அப்பழுக்கில்லை. செவலை இரண்டு இடத்தில் கோணிற்று. ராஜா உதட்டைப் பிதுக்கி, "மோதிரத்தைக் கழற்றும்" என்றான். மந்திரி செருமினார். "இன்னும் என்ன?"

"ஒரே ஒரு சோதனை, மகாராஜா. இரண்டும் அரியணையை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும்."

கறுப்பன் அரியணைக்குப் பின்னால் போனதும் முதுகு மயிர் சிலிர்த்து நின்றான். சாட்டையைப் பார்த்தான். வாலை ஒடுக்கிச் சத்தமில்லாமல் படுத்துவிட்டான். "பார்த்தீர்களா அடக்கத்தை!" என்றான் ராஜா, சபையைப் பார்த்து.

செவலை போன வேகத்தில் குரைத்தது, பாருங்கள்! ராஜாவின் உத்தரீயத்தைக் கவ்வி இழுத்த இழுப்பில் ராஜா மூன்று படி உருண்டான். கிரீடம் வாசல் வரை போயிற்று. கடுங்கோடன் சாட்டையை ஓங்கினான். அதற்குள் அரியணைக்கு அடியிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு நெளிந்து வெளியே வந்தது.

"சாரைதான், மகாராஜா. விஷமில்லை. வைத்தவன் நான். தண்டனை கொடுங்கள். அதற்கு முன் சபையை ஒன்று கேளுங்கள்: பாம்பை முன்னமே யார் யார் பார்த்தார்கள்?"

ராஜா தரையில் உட்கார்ந்தபடியே கேட்டான். புரோகிதர் எழுந்தார். "வால் தெரிந்தது, மகாராஜா." சேனாபதி எழுந்தார். "பார்த்தேன்." பொக்கிஷக்காரர், புலவர், விசிறி வீசுகிறவன், எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"பார்த்தும் ஏன் சொல்லவில்லை?"

"மகாராஜா கேட்கவில்லையே."

"கடுங்கோடா, நீ?"

கடுங்கோடனின் கை கீழே இறங்கியது. "பார்த்தேன், மகாராஜா. அம்மிக்கல் ஞாபகம் வந்தது."

ராஜா ஒடுங்கிக் கிடந்த கறுப்பனைப் பார்த்தான். பிறகு சபையைப் பார்த்தான். "இத்தனை பேரையும் நானா இப்படிப் பழக்கினேன்?" என்றான்.

அன்றே அம்மிக்கல் சமையற்கட்டுக்குப் போயிற்று. செவலைக்கென்று தைத்த சாக்கில் சாட்டை ஆற்றுக்குப் போயிற்று. கடுங்கோடன் கருவாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு மந்திரி பின்னால் மூன்று மாதம் நடந்து பாடம் கேட்க வேண்டும் என்று உத்தரவு. கறுப்பன் ஒரு தடவை வாய்விட்டுக் குரைக்கவே இரண்டு மாதம் பிடித்தது. மந்திரிக்கு மோதிரத்தோடு செவலையும் சொந்தமாயிற்று. கேட்காமலே உண்மை சொல்கிறவர்களுக்குக் கொடுக்க, அரியணைப் பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறைய அதிரசம் வைத்தார்கள்.

தாம்பாளம் வைத்த மறுநாளே ராஜா புதுப் பாட்டு ஒன்று பாடி முடித்தான். பொக்கிஷக்காரர் தாம்பாளத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு எழுந்தார். "மகாராஜா... பாட்டு... காது கொண்டு கேட்க முடியவில்லை."

ராஜாவின் மீசை துடித்தது. கை உயர்ந்தது. மந்திரி மெல்லச் செருமினார். உயர்ந்த கை தாம்பாளத்துக்கு இறங்கி ஓர் அதிரசத்தை எடுத்து நீட்டியது. "சபாஷ்" என்றான் ராஜா, பல்லைக் கடித்தபடி.

பொழுது சாய்வதற்குள் தாம்பாளம் காலி. அதற்குப் பிறகு மாகுடவர்மன் பாடவே இல்லையாம்.