கசிஞ்ச பானை காத்த கீரை

ஒரு ஊர்ல வாய்ப்புண்ணோட ஒரு ராஜா இருந்தாரு. சிரிக்காதீங்க, ராஜாவுக்கும் வாய்ப்புண் வரும். மணத்தக்காளிக் கீரை இல்லேன்னா அவருக்குச் சோறு இறங்காது. அதனால அரண்மனை மாடியிலயே கல்லால மேடை கட்டி, மண்ணு கொட்டி, மூணு பாத்தி வச்சிருந்தாரு.

சித்திரை வந்துச்சு, ஆத்துக்கு அக்கரையில குலசாமி திருவிழாவும் வந்துச்சு. ஊரே அங்க போயிடும், காப்புக் கட்டிட்டா எட்டு நாளைக்கு ஒருத்தரும் ஆத்தைத் தாண்டித் திரும்பக் கூடாது. அப்ப கீரைக்கு யாரு தண்ணி ஊத்துறது?

அரண்மனைக் கிடங்குக்காரன் வீரபாகு சொன்னான்: "பாத்திக்குள்ள தண்ணியோட ஏனத்தைப் புதைச்சிடலாம் மகாராஜா. செம்பு வைக்கலாம், மரம் வைக்கலாம். மண்ணு மட்டும் ஆகாது, கசியும்."

பானை கொண்டாந்த குயவர் வீட்டு அங்காயி அங்கதான் நின்னா. அவ குடுக்கிற பானையில பாதியை, "கசியுது, கழிசல்"னு தள்ளி மூலையில போட்டுடுவான் இவன். அவளுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"மண்ணுல முளைச்சதுக்கு மண்ணு ஆகாதா?"

"வாயை மூடு புள்ள!"

"பதில் இல்லாதவங்கதான் வாயை மூடச் சொல்லுவாங்க."

வீரபாகுவுக்கு மூக்கு சிவந்து போச்சு. "ரெண்டு பாத்தி எனக்கு, ஒண்ணு இவளுக்கு. இவ பாத்தி காஞ்சா இவ சூளையை இடிக்கணும்!"

"காயலேன்னா?"

"நீ சொன்னபடி கேக்குறேன், போ!"

ராஜாவும் சரின்னுட்டாரு. அங்காயி அப்பத்தான் கணக்குப் போட்டா. வீட்டுல அஞ்சு வாய்க்கு அந்த ஒரு சூளைதான். நல்லா வெந்த பானை ஒரு சொட்டு விடாது. கசியுற பானையடியிலதான் கீரை தானாத் தழைக்கும், அவ வீட்டுக் கொல்லையில பாத்திருக்கா. ஆனா அந்தப் பானை எல்லாம் கிடங்குல, புதுசா சுட நாளும் இல்ல. கேட்டா குடுப்பானா?

கிடங்குக்குப் போனா, மூணு பானை கேட்டு மூக்கைச் சிந்தினா. "ஐயா, கசியுற பானையைக் குடுத்துறாதீங்க!" அவன் திரும்பிப் பாத்தான். "சாமி, கசியுற பானை வேண்டாம்!" அவன் சிரிச்சான். "கசிஞ்சா என் சூளை போச்சே!" அவன் மூலைக்குப் போய், இருக்கிறதுலயே மோசமா மூணு பானையை உருவி அவ தலையில கட்டினான். தெருமுனை திரும்பினதும் சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடச்சிக்கிட்டா பாருங்க, என் தங்கம்!

கழுத்தளவு புதைச்சா, தண்ணி ரொப்பினா, மூடி போட்டா. அவனோ ஒரு பாத்தியில அடியில ஓட்டை போட்ட செம்புக்குடம், இன்னொண்ணுல தார் பூசின மரத்தொட்டி வச்சான்.

எட்டு நாளும் அங்காயிக்குச் சோறு இறங்கல. காப்பு அவுத்ததும் எல்லாரும் அறுபது படி ஏறி வந்தாங்க. மொதப் பாத்தியில குடம் அன்னைக்கே கொட்டித் தீத்திருச்சு, கீரை சருகு. ரெண்டாவதுல தொட்டி நிறையத் தண்ணி தளும்புது, பக்கத்துலயே கீரை செத்துக் கிடக்குது. மூணாவது... பச்சைப்பசேல்னு, கறுப்புப் பழத்தோட!

அங்காயி படியிலயே உக்காந்துட்டா. அழுகையும் சிரிப்புமா வந்துச்சு அவளுக்கு.

"எப்படிம்மா?"ன்னாரு ராஜா, வாய் நிறையக் கீரையோட.

"மண்ணு காஞ்சா பானை கசியும் மகாராஜா, குளுந்தா நிறுத்திக்கும். இதைத்தான் கழிசல்னாரு இவரு."

ராஜா வீரபாகுவைப் பாத்தாரு. அங்காயி பக்கம் திரும்பி, "பந்தயப்படி நீ சொல்லும்மா"ன்னாரு.

"தள்ளிப்போட்ட பானை எல்லாம் இந்த மாடியில புதையணும். இவரே ஆத்துத்தண்ணி சுமந்து ரொப்பணும், அதே செம்புக்குடத்துல."

"அதுல ஓட்டை இருக்கே!"

"விரல் இருக்குல்ல?"

ஓட்டையைப் பொத்திக்கிட்டு வீரபாகு அறுபது படி ஏறினான். ராஜாவுக்குப் புண்ணு ஆறிச்சு, அங்காயி சூளையில புகை வந்துச்சு, கதையும் கசிஞ்சு தீந்துச்சு. பானையில தண்ணி இருக்கு, ஒரு வாய் குடிச்சிட்டுப் படுங்க.