ஷார்க் தம்பி உளுவை ஆன கதை

அந்தக் காலத்தில் மீன்கள் பேசின. காலையில் ஷார்க் வணக்கம் சொல்லும். கப்பி பதில் வணக்கம் சொல்லும். ஆஸ்கர் வந்து, மூன்று மணி நேரமாக வீட்டில் மின்சாரம் இல்லை, காற்று மோட்டார் நின்றுவிட்டது, என்ன செய்வது என்று பதறும். பதினைந்து மீன்கள் பதினைந்து விதமாக யோசனை சொல்லும்.

இது நடந்தது கடலிலோ ஆற்றிலோ அல்ல. 'கண்ணாடித் தொட்டி' என்ற இணையக் குழுவில். வீட்டில் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். சேரும்போது ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பலரும் தங்களால் வளர்க்க முடியாத மீனின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் பெரிதாக இருந்தால் தொட்டி சிறிதாக இருக்கும் என்பது அங்கே பொதுவான நிலவரம். ஷார்க் தம்பி என்பவர் காரைக்குடிப் பக்கம் பேருந்து நடத்துநர். அவர் வீட்டில் இருந்தவை இரண்டு தங்கமீன்கள். குழுவை நடத்திய கப்பி குயின், வாணியம்பாடியில் மருந்துக்கடை வைத்திருந்த பெண். கதைக்கு உரிய டிஸ்கஸ் ராஜா, மதுரையில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். உண்மைப் பெயர் இன்னாசி. ஆனால் குழுவில் ஒருவருடைய உண்மைப் பெயரும் ஊரும் மற்றவருக்குத் தெரியாது. கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டது.

இன்னாசியின் தொட்டியில் சக்கர் மீன் இரண்டு இருந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்பதால் கடைக்காரர்கள் அவற்றைத் தொட்டி துடைக்கும் மீன் என்று சொல்லி விற்பார்கள். வாங்கும்போது சுண்டுவிரல் நீளம். சுவரைப் பூசுவதுபோல் நாளெல்லாம் கண்ணாடியிலேயே கிடந்ததால் இன்னாசியின் மனைவி ஜெசிந்தா அவற்றுக்குக் கொத்தனார், சித்தாள் என்று பெயர் வைத்தாள். இரண்டு வருடத்தில் கொத்தனாரும் சித்தாளும் முழங்கை நீளம் வளர்ந்தார்கள். பாசி போதவில்லை. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்ச ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணு அதுக இருக்கணும், இல்ல மத்த மீனு இருக்கணும்," என்றாள் ஜெசிந்தா. "ரெண்டையும் வச்சுக்கிட்டு நீங்க பஞ்சாயத்து பண்ணிக்கிட்டு இருக்க முடியாது."

இன்னாசி அன்று குழுவில் எழுதினார்: "சக்கர் ரெண்டும் பெருசாயிருச்சு. கொல்ல மனசு வரல. என்ன செய்யலாம்?"

முதல் பதில் ஷார்க் தம்பியுடையது. "கண்மாய்ல விட்டுருங்க ப்ரோ. சுதந்திரமா வாழட்டும்."

"கண்மாயும் சுத்தமாகும்," என்றது ஆஸ்கர்.

"புண்ணியமாப் போகும் தம்பி," என்றது கப்பி குயின்.

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதில்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. யாரும் போய்ப் பார்க்கலாம்.

ஜெசிந்தாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். அந்த ஊருக்கு ஓடைமறிச்சான் என்று ஒரு கண்மாய். இன்னாசி பெயிண்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி, மீன்களைப் போட்டு, ஈரத்துணியால் மூடி, ஸ்கூட்டரில் கொண்டு போனார். கரையில் இறங்கி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். இரண்டும் ஒரு கணம் நின்று, பிறகு சேற்றில் மறைந்தன. அவருக்குக் கண் கலங்கியது. விட்டதைச் செல்போனில் படமாகவும் எடுத்திருந்தார். அதைக் குழுவில் போட்டார். அறுபத்து மூன்று பேர் இதயக்குறி போட்டார்கள்.

அடுத்த நான்கு வருடமும் நல்ல மழை. கண்மாய் வற்றவில்லை. ஐந்தாம் வருடக் கோடையில்தான் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஊர் கூடி மீன்பிடிக்கு நாள் குறித்தது.

அந்தப் பக்கத்து வழக்கம் இது: கண்மாய் வற்றும்வரை யாரும் வலை போடக்கூடாது. வற்றியதும் ஒருநாள் விடிகாலையில் ஊர்த்தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊரே இறங்கும். ஊத்தா என்ற மூங்கில் கூடையைத் தண்ணீரில் கவிழ்த்து அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே அகப்பட்டதை எடுப்பார்கள். பிடித்ததை விற்கக்கூடாது, அன்றைக்கே குழம்பு வைத்துவிட வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் புருஷனோடு வந்துவிடுவார்கள். ஜெசிந்தாவும் வந்தாள். இன்னாசியும் வந்தார். ஊர் முழுக்க அவருக்கு ஒரே பெயர், மாப்பிள்ளை.

"மாப்பிள்ளைக்கு ஊத்தா பிடிக்கத் தெரியுமா, இல்ல கண்ணாடித் தொட்டியக் கவுத்துப் பிடிப்பியா?" என்று கேட்டான் ஜெசிந்தாவின் அண்ணன் செபஸ்தியான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தார்.

தலைவர் துண்டை வீசினார். அறுநூறு பேருக்குக் குறையாமல் இறங்கினார்கள். முதல் ஊத்தா விழுந்தது. அதில் கையை விட்டவர் அலறினார். வெளியே வந்த கையில் ரத்தம்.

அடுத்த ஊத்தாவிலும் அதே அலறல். வலை போட்ட இடத்தில் வலை கிழிந்தது. கரைக்கு இழுத்து உதறினார்கள். கருப்பாக, உடம்பெல்லாம் ஓடு போட்டாற்போல, முள்ளும் செதிலும் ஒன்றான ஒரு மீன். பக்கத்தில் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. கண்மாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அதே மீன். கெண்டை இல்லை. கெளுத்தி இல்லை. விரால் ஒன்றே ஒன்று அகப்பட்டது, அதுவும் செத்து மிதந்தது. கரையில் குவித்த குவியல் அசைந்துகொண்டே இருந்தது. தண்ணீரை விட்டு வெளியே போட்டும் அது சாகவில்லை. முகர்ந்து பார்த்த நாய் விலகிப் போனது. குழம்புக்குப் புளி கரைத்து வைத்துவிட்டு வந்த பெண்கள் வெறும் சட்டியோடு நின்றார்கள்.

முதல் மீனைப் பார்த்த உடனேயே இன்னாசிக்குத் தெரிந்துவிட்டது. அவர் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

பேச்சை ஆரம்பித்தது செபஸ்தியான். "எங்கடா எங்க மீனு?" என்று கேட்டான். கேட்டது வெள்ளைக்கண்ணுவை.

வெள்ளைக்கண்ணு அந்தக் கண்மாயின் நீர்க்கட்டி. மடையைத் திறந்து அடைத்து வயலுக்குத் தண்ணீர் விடுவதும், கரையைக் காவல் பார்ப்பதும் அவர் வேலை. இருபத்தாறு வருடமாகப் பார்த்து வந்தார். மடைச் சாவி எந்நேரமும் அவர் இடுப்பில் கிடக்கும்.

"நாலு வருஷமா நீதானய்யா கரையில கெடந்த? நல்ல மீன வெளியூர்க்காரனுக்கு அள்ளி விட்டுட்டு, எந்தச் சனியனையோ கொண்டாந்து போட்டு ரொப்பியிருக்க!" என்று கத்தினான் செபஸ்தியான்.

"நான் போட்டேனா? இது என்ன மீனுன்னே எனக்குத் தெரியாதுப்பா. போன வருஷமே தலைவர்ட்டச் சொன்னேன், கரையெல்லாம் பொந்து விழுகுது, என்னமோ கொடையுதுன்னு. இந்தா பாரு." வெள்ளைக்கண்ணு குனிந்து கரையில் ஒரு துளைக்குள் கையை விட்டார். கை தோள் வரைக்கும் போனது. சக்கர் மீன்கள் முட்டையிடக் குடைந்த அந்த மாதிரித் துளைகள் கரை நெடுகிலும் இருந்தன. இன்னொரு பெருமழைக்குக் கரை நிற்குமா என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் யோசித்திருப்பார்கள். ஆனால் கோபத்தில் இருந்த ஊருக்கு அதுவும் அவர் குற்றமாகவே பட்டது.

"கரையையும் கவனிக்கல. சாவியக் குடு," என்றான் செபஸ்தியான். அவர் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. இடுப்புக் கயிற்றோடு அறுத்து எடுத்தான். அறுபது வயதுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் தடுக்கவில்லை. "சாயந்தரம் கூடிப் பேசி வேற ஆளப் போட்ருவோம்," என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் ஜெசிந்தா குனிந்து குவியலில் இருந்த ஒரு மீனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கொத்தனாரு," என்றாள்.

இன்னாசி தலை குனிந்தார்.

"நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் முன்னால் வந்தார். "சாவிய அவர்ட்டக் குடுங்க மச்சான். விட்டது நான்."

யாருக்கும் புரியவில்லை. என்ன சொல்லியும் நம்பவில்லை. ஊர் மாப்பிள்ளை ஏதோ சமாதானத்துக்காகச் சொல்கிறார் என்று தலைவர் நினைத்தார். இன்னாசி செல்போனை எடுத்து, ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்தப் படத்தை ஓடவிட்டார். அதே கரை. அதே மடை. வாளியிலிருந்து இரண்டு மீன்கள் தண்ணீருக்குள் போயின. படத்துக்குக் கீழே அறுபத்து மூன்று இதயங்கள்.

செல்போன் கைமாறிக் கைமாறிப் போனது. செபஸ்தியான் இரண்டு தடவை பார்த்தான். அவன் கையில் இருந்த சாவி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

வெள்ளைக்கண்ணுவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். இன்னாசி குழுவில் வந்த பழைய பதில்களை எடுத்துக் காட்ட, செல்போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஷார்க் தம்பி. இவன்தான் கண்மாய்ல விடச் சொன்னவனா?"

"ஆமாங்க."

"இவன் நெசப் பேரு என்ன?"

"தெரியாதுங்க."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"புண்ணியமாப் போகும்னு சொல்லியிருக்கே, இந்தப் பொம்பள யாரு?"

அந்தப் பெண்ணின் பெயரும் இன்னாசிக்குத் தெரியாது.

"அறுபத்து மூணு பேரு. ஒருத்தன் பேரும் தெரியாது. பேரே தெரியாதவன் சொன்னான்னு எங்க கண்மாய்ல கொண்டாந்து விட்டிருக்க, என்ன மாப்பிள்ளை?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. அடித்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று இன்னாசி பின்னாளில் எழுதினார்.

இளவட்டங்கள் சிலர் அவரை மரத்தில் கட்டவேண்டும் என்றார்கள். வெள்ளைக்கண்ணு கையமர்த்தினார். கண்மாயைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்: "இதுல அயிரை கெடந்துச்சு. கெண்டை, உளுவை, குறவை, கெளுத்தி, விரால், ஆரா. இனி எது மிஞ்சியிருக்குன்னு அடுத்த தண்ணி வந்தாத்தான் தெரியும். ஷார்க்காம், ஆஸ்கராம். கண்டமேனிக்குப் பேரு வச்சுக்கிட்டு வாய்க்கு வந்ததச் சொல்லியிருக்கானுக. அவங்கள்ட்டச் சொல்லு. சொன்னவன் இதுல ஆளுக்கொரு மீன் பேரச் சொமக்கட்டும். அந்தப் பேர்லதான் இனிமே வாயத் தொறக்கணும். மீனு திரும்பி வந்துச்சுன்னா எறக்கி வச்சிரட்டும்."

"நான் எந்த மீனுங்க?"

"நீ எதுவும் வேணாம். நீ ஒம் பேர்லயே இரு. விட்டவன் யாருன்னு தெரியணும்ல."

பிறகு அவர் குனிந்து சாவியை எடுத்துக்கொண்டார். அன்று பகல் முழுக்க அந்த மீன்களைப் புதைக்க ஊர் குழி வெட்டியது. இன்னாசியும் செபஸ்தியானும் ஒரே குழியில் நின்று மண் அள்ளினார்கள்.

மறுநாள் காலை குழுவில் டிஸ்கஸ் ராஜா என்ற பெயர் இல்லை. 'இன்னாசி, ஓடைமறிச்சான் கண்மாய்' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. குவியலின் படம். ரத்தம் வழிந்த ஒரு கை. கரையில் விழுந்த துளைகள். வெள்ளைக்கண்ணு சொன்னது, சொன்னபடியே.

முதல் பதில் இப்போதும் ஷார்க் தம்பியுடையது.

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் ப்ரோ. அதை நம்பி விடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கப்பி குயின் எழுதினார்: "புண்ணியம்னு நான் சொன்னது பேச்சுக்கு இல்ல. நெசமாத்தான் சொன்னேன். என் பெயர் மெகருன்னிசா." அடுத்த நிமிடம் அவர் பெயர் அயிரை என்று மாறியிருந்தது. ஆஸ்கர் குறவை ஆனது. மாலைக்குள் பதினோரு பேர் மாறினார்கள்.

ஷார்க் தம்பி குழுவை விட்டு வெளியேறினார். கோபத்தில் போய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் புதிதாக ஓர் உறுப்பினர் சேர்ந்தார். பெயர் உளுவை.

"என் பெயர் சிங்காரவேலு," என்று அவர் எழுதினார். "நான் எங்க ஊருணியில மூணு சக்கர் விட்டிருக்கேன். ஏழு வருஷமாச்சு. நல்ல காரியம்னு நினைச்சுத்தான் இன்னாசி அண்ணனுக்கும் சொன்னேன். நேத்துப் போய் வலை போட்டுப் பார்த்தேன்."

அவ்வளவுதான். என்ன பார்த்தார் என்று எழுதவில்லை.

அதற்குக் கீழேதான் மற்றவை வந்தன. "நானும். எங்கள் ஏரியில், இரண்டு." "கோயில் தெப்பக்குளத்தில், ஒன்று." "நான் ஆற்றில் விட்டேன். எத்தனை என்று நினைவில்லை." "என் மகன் பிறந்தநாளுக்கு விட்டோம்." மெகருன்னிசா ஒவ்வொன்றையும் ஊர்வாரியாக எழுதி வைத்துக்கொண்டே வந்தார். அறுபத்து மூன்று பேரில் நாற்பத்து நான்கு பேர் விட்டிருந்தார்கள். முப்பத்தொரு நீர்நிலைகள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் என்று நினைத்திருந்தார். பட்டியலின் கடைசியில் மெகருன்னிசா தன் பெயரையும் எழுதினார். வாணியம்பாடிக்கு வெளியே ஒரு குளம், ஐந்து மீன்கள்.

அதன்பிறகு அந்தக் குழுவில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்குத் தகுதியான ஆள் மிச்சமில்லை.

குழுவில் புதிதாகச் சேருகிறவர் இன்றும் முதலில் தன் ஊர்த் தண்ணீருக்குப் போய், முன்பு இருந்து இப்போது காணாத மீன் எது என்று கேட்டு வரவேண்டும். அதுதான் அவர் பெயர். அந்த மீன் திரும்பி வந்தால் பெயரை இறக்கி வைக்கலாம். இதுவரை இறக்கி வைத்தவர் ஒரே ஒருவர். சேற்றுக்குள் புதைந்து கிடந்து தப்பிக்கும் குறவை, மூன்றாம் வருடம் ஓடைமறிச்சானில் தலை காட்டியது. வெள்ளைக்கண்ணு அதைப் படம் பிடிக்கச் சொல்லி, "அந்த ஆஸ்கருக்கு அனுப்பு," என்றார். உளுவை இன்னும் உளுவையாகவே இருக்கிறார்.

அன்று முதல்தான், வீட்டுத் தொட்டியில் வெளிநாட்டு மீன் வளர்ப்பவர்கள் கண்மாய் மீன்களின் பெயரில் பேசுகிறார்கள். ஒருவர் மட்டும் சொந்தப் பெயரில் பேசுகிறார்.