பெரிய கோச்

“மேடையில எனக்க பேரைக் கூப்பிட வேண்டாம் சார். விழா நடத்துறவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

கிளீட்டஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இதைச் சொன்னார்.

வறுவேல் சார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. எதிரே கிடந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

கிளீட்டஸ் உட்கார்ந்தார்.

அந்தக் கடற்கரை ஊரின் பள்ளிக்கூடத்தில் வறுவேல் சார் வேலை பார்த்த காலமெல்லாம் கால்பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தவர். கிளீட்டஸ் அவரிடம் ஆடி, மாநில அணி வரைக்கும் போய், அதே பள்ளிக்கூடத்துக்கு பி.டி. மாஸ்டராகத் திரும்பி வந்தவர். அவர் பழக்கிய பிள்ளைகள் மாநிலக் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

சென்னையில் ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. மாநிலம் கண்ட பள்ளிக்கூடக் கோச்சுகளில் மிகப் பெரியவர்களை நினைத்துப் பார்க்கும் விழா. பெரும்பாலோர் செத்துப்போனவர்கள். அவர்களைப் பற்றிப் பேச வறுவேல் சாரை அழைத்திருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களில் கிளீட்டஸை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போடுவதாக முடிவு.

அதற்குள் ஜெபின் போய்விட்டான்.

ஜெபின் கிளீட்டஸின் கோல்கீப்பர். பிளஸ் ஒன் படித்தான். விடுமுறையில் அப்பாவோடு கடலுக்குப் போனான். காற்று மாறி வள்ளம் கவிழ்ந்தது. அப்பாவை வேறொரு வள்ளத்துக்காரர்கள் தூக்கி வந்தார்கள். அவன் கிடைக்கவில்லை. தேடினார்கள், ஓய்ந்தார்கள். கோயிலில் வெறும் சவப்பெட்டி வைத்துப் பூசை செய்தார்கள்.

அன்றிலிருந்து கிளீட்டஸ் மைதானத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போவார், கையெழுத்துப் போடுவார், தன் அறையில் உட்கார்ந்திருப்பார், வீட்டுக்கு வந்துவிடுவார்.

“ஏன் வேண்டாங்கே?” என்று கேட்டார் வறுவேல் சார்.

“நான் என்ன கோச்சு சார்? அவனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்? எப்படிப் பாயணும், எப்படி விழணும். கடல்ல அது எதுக்கு?”

சார் ஒரு காம்பை எடுத்து உருவினார். அடுத்ததை எடுத்தார்.

பிறகு கிளீட்டஸ்தான் கேட்டார்.

“நீங்க பேசப் போறவங்கள்ல யாரு சார் பெரிய கோச்?”

“பொன்னையா மாஸ்டர்.”

அந்தப் பெயரைக் கிளீட்டஸ் கேள்விப்பட்டிருந்தார். மேற்கே ஒரு மில் ஊர்ப் பள்ளிக்கூடம். அந்த மனுசன் பழக்கிய பிள்ளைகள் பந்தைக் காலிலிருந்து காலுக்கு மாற்றுவதைப் பார்க்கவே ஜனம் வேலியில் ஏறி நிற்குமாம். மொத்தம் எத்தனை கப் என்று கிளீட்டஸ் கேட்டார்.

கப் ஞாபகம் இல்லை என்றார் சார்.

“அப்போ என்ன ஞாபகம்?”

சார் கீரையை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

ஒரு வருஷம் போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் பொன்னையா மாஸ்டரின் கேப்டன் பையன் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனான். வறுவேல் சாருக்கு அப்போது இள வயது. துக்கம் கேட்க பஸ் ஏறிப் போனார். வீட்டில் மாஸ்டர் இல்லை. மைதானத்தில் இருப்பார் என்று அவர் மனைவி சொன்னாள். வறுவேல் சாருக்குக் கோபம் வந்தது. நேற்று அடக்கம் நடந்திருக்கிறது, இன்றைக்கு என்ன மைதானம் என்று நினைத்துக்கொண்டே போனார்.

மாஸ்டர் அங்கே தனியாகக் கோல் கம்பத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார்.

“பஸ்ல வரும்போது என்னெல்லாமோ பேச யோசிச்சு வச்சிருந்தேன். ஒண்ணும் வாயில வரல. அவரு திரும்பிப் பாத்தாரு. அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க சார்னாரு.”

“பிறகு?”

“பிடிச்சேன்.”

“அவ்வளவுதானா?”

“அவருக்கு முடிச்சு விழல. இருட்டுற வரைக்கும் கட்டினோம்.”

கிளீட்டஸ் அவரையே பார்த்தார். “இதையா மேடையில சொல்லப் போறீங்க?”

“அவரைப் பத்தி எனக்கு இதுதான் தெரியும்.”

சார் எழுந்து கீரையை அடுக்களையில் கொண்டு வைத்தார். சட்டையை மாட்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

“வா,” என்றார்.

எங்கே என்று கிளீட்டஸுக்குத் தெரிந்தது. எதிரே உள்ள சந்து வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். சார் நிற்கவில்லை. முழங்கால் வலியோடு ஒரு கிழவர் தனியாகப் போவதைப் பார்த்து, கிளீட்டஸும் பின்னாலேயே போனார்.

மைதானம் கோயிலுக்கும் கடல் சுவருக்கும் நடுவில். வெயில் தாழ்ந்திருந்தது. பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் ஒரே கோலை நோக்கி ஆடினார்கள்.

கோயில் பக்கத்துக் கோல் சும்மா கிடந்தது. கம்பங்களுக்கு நடுவே மண் தேய்ந்து ஒரு பள்ளம். நாளெல்லாம் ஒரே இடத்தில் ஒருவன் நின்று, குதித்து, விழுந்து உண்டான பள்ளம். பந்து அந்தப் பக்கம் உருண்டுபோனது. எடுக்கப் போன பையன் பள்ளத்தை மிதிக்காமல் கம்பத்துக்கு வெளியே சுற்றிப் போய் எடுத்து வந்தான்.

பையன்கள் இப்படி ஆடுவது கிளீட்டஸுக்கு இதுவரை தெரியாது.

அவரைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. கேப்டன் கெவின் ஓடிவந்து, பக்கத்தில் வர முடியாதவன்போலப் பாதியில் நின்றான்.

ஏன் ஒரு பக்கமாகவே ஆடுகிறீர்கள் என்று கிளீட்டஸ் கேட்டார்.

கெவின் தரையைப் பார்த்தான்.

“அங்க ஜெபின் நிப்பான்லா சார்.”

கிளீட்டஸ் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

வறுவேல் சார் செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நொண்டி நொண்டிப் போய் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றார்.

“அடிங்க,” என்றார்.

யாரும் அடிக்கவில்லை. பையன்கள் கிளீட்டஸைப் பார்த்தார்கள். கிளீட்டஸுக்குக் கோபம் வந்தது. அது அவன் இடம் சார், வெளியே வாங்க என்று கத்த வாயெடுத்தார்.

“கெவினே, அடி,” என்றார் சார்.

கெவின் அடித்தான். பலமில்லாத அடி. பந்து சாருக்கு எட்டாமல் பக்கத்தில் போனது. அவர் மெதுவாகப் பின்னால் போய் எடுத்து வந்து உருட்டிவிட்டு, மறுபடியும் பள்ளத்தில் நின்றார்.

“ஒழுங்கா அடி.”

இந்த முறை கொஞ்சம் வேகமாக வந்தது. சார் பாய்ந்தார். பாய்ச்சல் என்று சொல்ல முடியாது. ஒரு கிழவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார், அவ்வளவுதான். பந்து உள்ளே போனது.

கிளீட்டஸ் ஓடிப்போய்த் தூக்கினார். சாரின் மீசையில் மண். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. கிளீட்டஸ் தன் கைக்குட்டையை அதில் வைத்து அழுத்தினார்.

“எதுக்கு சார் இந்த வயசுல?”

சாருக்கு மூச்சு வாங்கியது. கிளீட்டஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, பையன்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தார்.

“எனக்கு முடியல. வேற யாரு நிக்கா?”

யாரும் அசையவில்லை. கடைசியில் நின்ற ஒரு சின்னப் பையன் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோயில் மணி அடித்தது. கெவின் பந்தைக் காலுக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு அழுதான். அவன் அழுது கிளீட்டஸ் பார்த்ததில்லை. தோற்ற ஆட்டங்களில்கூட அவன் அழுததில்லை.

கிளீட்டஸ் சாரைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் உட்காரவைத்தார்.

திரும்பி வந்தார். பள்ளத்தின் விளிம்பில் நின்றார். அதில் இரண்டு குழிகள் தனியாகத் தெரிந்தன, இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. காலை அகட்டி வை என்று அவனிடம் ஓயாமல் சொன்னவர் அவர்தான்.

செருப்பைக் கழற்றினார். இறங்கினார். காலை அகட்டி வைத்தார்.

“அடி மக்கா,” என்றார்.

கெவின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய் ஓடிவந்து அடித்தான். உண்மையான அடி. பந்து நேராகத்தான் வந்தது, நெஞ்சுக்கு.

கிளீட்டஸுக்குக் கண் தெரியவில்லை. பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. கையால் துழாவி எடுத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்தார். அப்படியே இருந்தார்.

கெவினுக்குப் பின்னால் பையன்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள்.

கோட்டுக்கு வெளியே இருந்து வறுவேல் சாரின் குரல் வந்தது.

“பந்தை விடு. அடுத்தவன் நிக்கான்.”