வரிசையின் கடைசி இடம்

காவிரியில் புதுவெள்ளம் வந்துவிட்டது. மீசையன் என்ற நீர்நாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. பாறையில் ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும்.

பெருக்குத் திருநாளில் எந்த நீர்நாயும் தனியாக இருக்காது. குடும்பம் மொத்தமும் ஆற்றில் வரிசை கட்டி, மீன்களைக் கரைப்பக்கம் விரட்டிப் பிடித்து, ஒன்றாகத் தின்னும். மீசையனுக்கும் குடும்பம் இருந்தது. போன வருஷம், மகள் பூவாத்தா ஒரு வாளை மீனைத் தவறவிட்டதற்காக, "நான் இல்லாம உங்களுக்கு ஒரு அயிரகூடச் சிக்காது!" என்று கத்திவிட்டு மீசையன் வெளியேறியது. கோபம் சீக்கிரமே ஆறிவிட்டது. வீம்புதான் ஆறவில்லை.

இப்போது வீட்டு நினைப்பு தாங்க முடியவில்லை. பெரிய விரால் ஒன்றைக் கவ்விக்கொண்டு புறப்பட்டது. என்ன சொல்வார்களோ என்ற பதற்றத்தில் வழியிலேயே மீனின் வாலைக் கடித்தது. அப்புறம் நடுத்துண்டு. அப்புறம் தலை. குடும்பம் இருந்த நாணல் திட்டை அடைந்தபோது வாயில் மிஞ்சியது வாடை மட்டும்தான்.

"வெறுங்கையோடவா வந்தீங்க?" என்றது மனைவி அஞ்சலை.

"வர்ற வழியில மீனே கிடைக்கல..."

"மீசையில செதில் ஒட்டியிருக்கு!"

குட்டிகள் சிரித்தன. பூவாத்தா சிரிக்கவில்லை. "வரிசை கட்டுங்க!" என்றது. எல்லாம் நீரில் இறங்கின.

மீசையன் சும்மா இருக்குமா? பாய்ந்து போய் முன்னால் நின்றது. "தள்ளுங்க! அப்பா வந்தாச்சு! நீ இந்தப் பக்கம்! நீ அந்தப் பக்கம்!"

அக்கா சொல்வதைக் கேட்பதா, அப்பா சொல்வதைக் கேட்பதா? குட்டிகள் திணறின. வரிசை உடைந்தது. கொழுத்த கெண்டைக் கூட்டம் இடைவெளியில் புகுந்து ஓடிவிட்டது.

"போச்சு! விருந்தே போச்சு!" என்று கடைக்குட்டி அழுதது.

"ஒரு வருஷமா நான்தாம்பா முன்னால நிக்கிறேன். யாரும் பட்டினி கிடக்கல" என்றது பூவாத்தா.

மீசையனுக்கு முகம் செத்துவிட்டது. ஓடிவிடலாமா என்று கால்கள் பரபரத்தன. ஆனால் இப்போது போனால் இனி எப்போதும் வர முடியாது. அது மீசையனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நான் எங்க நிக்கட்டும், பூவாத்தா?" என்று கேட்டது. இப்படி அது யாரையும் கேட்டதே இல்லை.

பூவாத்தா அம்மாவைப் பார்த்தது. அம்மா வேறு பக்கம் பார்த்தது.

"கடைசியில நில்லுங்க. சேத்துப் பக்கம். குட்டிங்க நிக்கிற இடம்" என்றது பூவாத்தா.

மீசையன் சேற்றில் இறங்கி நின்றது. நண்டு ஒன்று காலைக் கடித்தது. "ஐயோ!" என்றது.

"சத்தம் போடாதீங்கப்பா, மீனு ஓடிரும்!" என்று கடைக்குட்டி அதட்டியது.

மீசையன் வாயை மூடிக்கொண்டது. அடுத்த கூட்டம் வந்தது. சேற்றுப் பக்கம் ஒரு மீன்கூடத் தப்பவில்லை.

கரையில் அஞ்சலை பங்கு வைத்தது. மீசையன் தள்ளியே நின்று, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. அஞ்சலை ஒரு கெண்டையை அதன் பக்கம் தள்ளியது.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? உக்காருங்க."

பிரிந்துபோன குடும்பத்திடம் திரும்பி வருகிறவர், விட்டுப்போன இடத்தைக் கேட்கக் கூடாது. அவர்கள் தருகிற இடத்தில் நிற்க வேண்டும்.