மண்டபத்தை மீட்ட கதை

எங்கள் ஊர் வாகைக்குறிச்சி. புத்திசாலிகள் எங்கள் ஊரிலும் பிறக்கத்தான் செய்கிறார்கள். மீசை முளைத்ததும் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். மிச்சமிருந்த எங்களுக்கு மாசிலாமணி அண்ணாச்சிதான் தலைவர். தலைவரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் கூடிய அன்று அவர் ஒருவர்தான் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கோடையில் ஜமீன்தார் அந்த வழியாக வந்தார். ஊர் எல்லையில் அவருடைய பாட்டனார் கட்டிய கல்மண்டபத்தைப் பார்த்து முகம் சுளித்தார். கூரையில் ஆலங்கன்று முளைத்திருந்தது. உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. இதை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள், ஆடி பிறந்ததும் வந்து பார்ப்பேன், செய்திருந்தால் ஆற்றிலிருந்து உங்கள் குளத்துக்கு வாய்க்கால் வெட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறிப் போனார்.

எங்கள் குளத்தில் அப்போது தவளைகூட இல்லை. ஆகவே உடனே கூடிப் பேசினோம்.

மீட்பது என்றால் எதிரியிடமிருந்து பிடுங்குவது. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மண்டபத்தை எந்த எதிரியும் பிடித்து வைத்திருக்கவில்லை என்பதுதான் சிக்கல். கடைசியில், பாதிப் பேர் எதிரிகளாகப் போய் மண்டபத்தைப் பிடிப்பது, மீதிப் பேர் மீட்பது என்று முடிவானது. நான் எதிரிப் பக்கம். உள்ளே நல்ல நிழல். ஆடுகளும் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தன. மீட்க வந்தவர்களிடம் தர முடியாது என்று சொல்லிவிட்டோம். அவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியே கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். மண்டபம் மீட்கப்பட்டது.

அடுத்தது பழைய நிலை. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மண்டபத்து வாசலில் கதவு மாட்டியிருந்த தேக்கு நிலை, என்றோ கழன்று விழுந்து கிடந்தது. அதை அங்கம்மாள் மதினி எடுத்துப்போய்த் தன் மாட்டுத் தொழுவத்து வாசலில் நட்டு வைத்திருந்தாள்.

கொத்தன் சடையப்பன் மட்டும் ஒன்று கேட்டான். "அண்ணாச்சி, நிலையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் என்ன? நாலு பேர் போதுமே."

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "அப்படிச் செய்தால் அது மண்டபத்துக்கு நிலையைக் கொண்டு போவது. எஜமான் சொன்னது, நிலைக்கு மண்டபத்தைக் கொண்டு வருவது."

சடையப்பன் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தான். நாங்களும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

முதலில் வைத்த கல்லைத்தானே முதலில் எடுக்க வேண்டும்? அடியிலிருந்து பெயர்த்தோம். சற்று நேரத்தில் கூரை தானாகவே இறங்கி வந்தது. வேலை பாதி குறைந்தது என்று சந்தோஷப்பட்டோம். எங்களுக்கு முன்பே விஷயத்தைப் புரிந்துகொண்ட ஆடுகள் வெளியே போயிருந்தன. அவற்றைப் பார்த்து நாங்களும் ஓடியதால் யாருக்கும் அடிபடவில்லை.

கற்களையெல்லாம் வண்டியில் ஏற்றி, தொழுவத்து நிலையைச் சுற்றிக் குவித்தோம். உள்ளே இருக்கும் மாடு எப்படி வெளியே வரும் என்று மதினி கேட்டாள். மாட்டைப் பற்றி எஜமான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார் அண்ணாச்சி. மதினி அன்றிலிருந்து கல்லிடுக்கு வழியாக வைக்கோல் நீட்டினாள்.

ஆடி பிறந்தது. ஜமீன்தார் வந்தார். வெற்றுத் தரையைப் பார்த்தார். தொழுவத்துக்கு அழைத்துப் போனோம். நிலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடு அவரைப் பார்த்தது.

"மண்டபம் பழைய நிலைக்கு வந்தாயிற்று, எஜமான். வாய்க்காலை எப்போது வெட்டலாம்?" என்றார் அண்ணாச்சி.

ஜமீன்தார் பல்லக்கில் போய் உட்கார்ந்தார். பிறகு சோர்ந்த குரலில், "வாய்க்காலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தீர்களோ, அப்படியே இருந்து தொலையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுபடியும் கூடினோம். இந்த முறை சிக்கலை அவிழ்த்தவன் நான்தான். எஜமான் இந்த உலகத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் நாங்கள் எப்படி இருந்தோம்? நாங்கள் யாரும் பிறக்கவே இல்லை. மாசிலாமணி அண்ணாச்சிக்கு மட்டும் எட்டு வயது.

அப்படியானால் குடிதண்ணீருக்கு என்ன வழி என்றாள் மதினி. பிறக்காதவர்களுக்குத் தாகம் எடுக்காது என்று விளக்கினேன். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அண்ணாச்சி தெருவில் தனியாகக் கோலி விளையாடுகிறார். நாங்கள் இன்னும் பிறக்காததால் கூடச் சேர்ந்து ஆட முடியவில்லை. சுற்றி நின்று பார்க்கிறோம். அப்படியும் அவர்தான் தோற்கிறார்.